மழலைப் பள்ளியில் ஒரு கலைக்கூடம்: ரெஜ்ஜோ எமிலியாவின் ‘அத்தலியே’ எப்படி இயங்குகிறது

வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்றொரு சிற்றூர். 1945 வசந்தத்தில், போர் முடிந்த கையோடு, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்டத் தொடங்கினார்கள். பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு பீரங்கி வண்டி, சில லாரிகள், குதிரைகள். இவற்றை விற்ற காசுதான் முதலீடு. குண்டு விழுந்த வீடுகளிலிருந்து செங்கல் வந்தது, ஆற்றிலிருந்து மணல் வந்தது. செய்தி கேட்டுச் சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி (1920–1994), அதன்பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் அந்த வட்டாரத்தின் குழந்தைப் பள்ளிகளுக்கே கொடுத்தார்.

ரெஜ்ஜோ நகராட்சியின் முதல் மழலைப் பள்ளி 1963-ல் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலகுட்ஸி எடுத்த ஒரு முடிவுதான் இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்வது போன்ற ஒரு பணிக்கூடம் வேண்டும், அதில் கலை படித்த ஒருவர் முழுநேரமும் இருக்க வேண்டும் என்றார். கூடத்துக்கு ‘அத்தலியே’ என்றும், அந்த ஆளுக்கு ‘அத்தலியரிஸ்டா’ என்றும் பெயர். அவர் ஓவியராகவோ சிற்பியாகவோ இருப்பார். ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரெஜ்ஜோவின் டயானா மழலைப் பள்ளியில் 1970 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் இந்தப் பணியைச் செய்தவர் வேயா வெக்கி. 1991-ல் நியூஸ்வீக் இதழ் உலகின் தலைசிறந்த பள்ளிகளைப் பட்டியலிட்டபோது மழலைக் கல்வியில் அந்தப் பள்ளியைத்தான் சொன்னது. அன்று முதல் பார்வையாளர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

பார்த்தவர்கள் பெரும்பாலும் எடுத்து வந்தது தோற்றத்தைத்தான். கண்ணாடிக் குடுவையில் நிறவாரியாக அடுக்கிய பொத்தான்கள், அடியிலிருந்து ஒளிரும் மேசை, வெள்ளைச் சுவர், மர அலமாரி. இன்று நம் ஊர்ப் பெருநகரங்களிலும் இப்படி அலங்கரித்த அறைகள் உண்டு. அந்த அறைக்குள் வாரத்துக்கு ஒரு முறை, நாற்பது நிமிடம், இருபத்தைந்து குழந்தைகள் ஒரே மாதிரி காகித மீன் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே அத்தலியே நடக்கவில்லை. ஒரு குழந்தை நேற்று விட்ட வேலையை இன்று தொடர முடிகிறதா என்று பாருங்கள். அத்தலியேவைப் பிற கலை வகுப்புகளிலிருந்து பிரிப்பது இதுதான். இடம், மேசை, மண் வாளி, காயவைக்கும் தட்டு எல்லாமே அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

இத்தாலியின் இன்னொரு கல்வியாளரான மரியா மாண்டிசோரி நமக்கு நன்றாக அறிமுகமானவர். 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். அவருடைய சாதனங்கள் ஒவ்வொன்றுக்கும் திட்டமான ஒரு பயன் உண்டு. உருளைக் கட்டையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒரு கட்டை பொருந்தாமல் மிஞ்சும். பிழையைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். களிமண்ணில் அப்படிக் குழி எதுவும் கிடையாது. எது சரி, எங்கே நிறுத்துவது என்று பொருள் சொல்லித் தராது. அதனால்தான் அத்தலியேவில் அந்தப் பொருளை நன்றாகக் கையாளத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் தேவைப்படுகிறார்.

ஒரு மாடு, மூன்று பொருள்

நாலு வயதுக் குழந்தையிடம் மெல்லிய முனையுள்ள கறுப்புப் பேனாவும் வெள்ளைத் தாளும் கொடுத்து, தெருவில் கட்டியிருக்கும் மாட்டைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். நீளமாக ஒரு உடல் வரும். அடியில் நான்கு கோடுகள் வரிசையாக இறங்கும். தாளில் அது நன்றாகவே நிற்கிறது. மறுநாள் அதே குழந்தை அதே மாட்டை மண்ணில் செய்யட்டும். ஒல்லியாக நான்கு கால் உருட்டி, மேலே கனமான உடலை வைத்ததும் மாடு உட்கார்ந்துவிடும். இங்கேதான் வேலை தொடங்குகிறது. ஒரு குழந்தை மாட்டைப் படுக்க வைத்துவிடும். இன்னொன்று காலைப் பருமனாக்கும். வேறொன்று வயிற்றுக்கு அடியில் ஒரு மண் கட்டியை முட்டுக் கொடுத்து, அது மாட்டின் தீனி என்று சொல்லும். தாள் கேட்காத கேள்வியை மண் கேட்கிறது: கால்கள் உடலில் எங்கே சேர்கின்றன, எடை எங்கே இறங்குகிறது?

அதன்பிறகு மீண்டும் பேனா கொடுத்துப் பாருங்கள். பல குழந்தைகளின் படத்தில் கால் தடித்திருக்கும். இரண்டு முன்னும் இரண்டு பின்னும் என்று பிரிந்திருக்கும். அடுத்து மெல்லிய அலுமினியக் கம்பி கொடுத்தால் உடலின் நிறைவு போய் விளிம்பு மட்டும் மிஞ்சும். கொம்பும் வாலும் முக்கியமாகிவிடும். ஒரே விஷயத்தை ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாற்றும் இந்தப் பயணம்தான் ரெஜ்ஜோ பள்ளிகளின் அடிப்படை முறை. இதற்கு நாலைந்து அமர்வுகளாவது வேண்டும். படத்தை அன்றே மடித்துப் பையில் வைத்து வீட்டுக்கு அனுப்பும் பள்ளியில் இது நடக்க வழியே இல்லை.

பேனாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்று வயதுக் கைக்குத் தடித்த கிரேயான்தான் சரி என்று பொதுவாக நினைக்கிறோம். கிரேயான் கோடு அகலமானது. அதில் கண்ணிமையோ இலை நரம்போ வராது. அழுத்தாமலே ஓடும் மெல்லிய பேனாவில் குழந்தை தான் பார்த்த நுணுக்கத்தை வைக்க முடிகிறது. அழிப்பான் வேண்டாம். இருந்தால் வரைவதைவிட அழிப்பதே அதிகமாகும்.

இடம்

அறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ரெஜ்ஜோவிலேயே பெரிய அத்தலியே ஒன்றும், ஒவ்வொரு வகுப்பறையை ஒட்டிச் சின்ன அத்தலியே ஒன்றுமாக அமைத்தார்கள். ஒரு நேரத்தில் நான்கு முதல் ஆறு குழந்தைகள் உள்ளே இருந்தால் போதும். மற்றவர்கள் வெளியே வேறு விளையாட்டில் இருப்பார்கள். ஆறைத் தாண்டினால் பெரியவர் பொருள் எடுத்துக் கொடுப்பவராக மாறிவிடுவார். கவனிக்க நேரம் இருக்காது.

மூன்று, நான்கு வயதுக்கு மேசை உயரம் 46 செ.மீ., நாற்காலி 26 செ.மீ.; ஐந்து வயதுக்கு 53-ம் 31-ம். மண் வேலைக்கு நாற்காலியே வேண்டாம். நின்றுகொண்டு தோளிலிருந்து அழுத்தினால்தான் மண் இளகும். தரை கழுவக்கூடிய சிமெண்டோ ஓடோ இருந்தால் போதும், ஆனால் வழுக்காததாக இருக்க வேண்டும். அலமாரி திறந்ததாக, மேல்தட்டு ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும். குழந்தை கேட்காமலே எடுக்கவும், எடுத்த இடத்தில் வைக்கவும் முடிய வேண்டும். இதற்குக் குறைந்த அளவில் வைப்பது உதவும். ஒரு கிண்ணத்தில் இருபது கூழாங்கல் இருந்தால் குழந்தை தேர்ந்தெடுக்கும். இருநூறு இருந்தால் கவிழ்க்கும்.

பலரும் மறந்துவிடுவது காயவைக்கும் இடத்தை. ஈரத் தாள்களைப் படுக்கையாக வைக்கப் பத்துத் தட்டுகள், அரைகுறை மண் வேலைகளை வைக்க மூடியுள்ள பெரிய டப்பாக்கள். இவை இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு மேசையைக் காலி செய்யும்போது எல்லாம் குப்பைக்குப் போகும், தொடர்ச்சியும் போகும்.

சுவரைப் பற்றி ஒன்று. நம் மழலைப் பள்ளிகளில் அணிலும் ஆப்பிளும் கார்ட்டூன் எலியுமாகச் சுவர் நிறைய வரைந்துவிடுகிறோம். அந்தச் சுவரில் ஒரு குழந்தையின் மெல்லிய பேனாக் கோட்டை மாட்டினால் கண்ணுக்கே தெரியாது. அத்தலியே இருக்கும் பக்கத்தை மட்டுமாவது வெள்ளையாக விடுங்கள்.

மண்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடமும் காசும் இருக்கிறது என்றால் அது களிமண்ணாக இருக்கட்டும். கடையில் விற்கும் வண்ண மாவு இதற்கு மாற்றாகாது. வீட்டில் மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசையும் மாவும் அப்படித்தான். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், கடலோர ஊர்களில் இரண்டாம் நாளே பிசுபிசுக்கும். மண்ணுக்குக் கனம் உண்டு, எதிர்ப்பு உண்டு. நிமிர்ந்து நிற்கும், காய்ந்தாலும் மறுபடி மண்ணாகும்.

மண்பாண்டம் செய்கிறவர்களிடம் மிதித்துப் பதப்படுத்திய மண்ணாகவே கேட்டு வாங்குவது நல்லது. ஏரியில் நேராக எடுத்த மண்ணில் கல்லும் கண்ணாடிச் சில்லும் இருக்கலாம். கரைத்து, சல்லடையில் வடித்து, தெளியவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அளவில் கஞ்சம் கூடாது. எலுமிச்சை அளவு உருண்டை கொடுத்தால் குழந்தை உருட்டும், பாம்பு செய்யும், முடித்துவிடும். தலைக்கு ஒரு கிலோவாவது வேண்டும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஐந்து கிலோ கட்டி ஒன்றை நடுவில் வைத்து எல்லோருமாகக் குத்தட்டும், கிள்ளட்டும், ஏறி மிதிக்கட்டும். இருபது குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 25 கிலோ கையிருப்பு இருந்தால் வண்டி ஓடும்.

பதம் பார்க்க எளிய வழி: விரல் தடிமனில் ஒரு கயிறு உருட்டி, கட்டை விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் காய்ந்திருக்கிறது, கையில் ஒட்டினால் ஈரம் கூடியிருக்கிறது. மண்ணை மைக்கா ஒட்டிய மேசையில் நேரடியாக வைத்தால் பிடித்துக்கொள்ளும். சாக்குத் துணியோ கெட்டியான காடாத் துணியோ சுற்றிய 30 செ.மீ. பலகை ஆளுக்கு ஒன்று போதும்.

மண் வேலை கெட்டுப்போவதற்கு முதல் காரணம் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தை மேசையில் வைத்த ஐந்தாவது நிமிடம் எல்லாம் சேறாகிவிடும். சேற்று விளையாட்டு அருமையானது, அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். உருவம் செய்யும் நாளில் ஈரப் பஞ்சு ஒன்று மட்டும் கொடுங்கள். இரண்டாவது காரணம் நம் ஊர் மின்விசிறி. தலைக்கு மேல் சுழலும் விசிறிக் காற்றில், குழந்தை அடுத்த காலைச் செய்வதற்குள் முதல் கால் காய்ந்து ஒட்ட மறுக்கும். மண் மேசைக்கு மேலுள்ள விசிறியை நிறுத்துங்கள்.

‘ராத்திரியில் கை விழுந்துவிட்டது’ என்பது மூன்றாவது. இரண்டு துண்டுகளை வெறுமனே அழுத்தி ஒட்டினால், காயும்போது மெல்லிய துண்டு முதலில் சுருங்கும், கனமான துண்டு பின்னால் சுருங்கும், இணைப்பு விட்டுவிடும். ஒட்டும் இரு பக்கத்திலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண் கரைசலைத் தடவி, அழுத்தி, ஓரத்தை விரலால் இழுத்து மூட வேண்டும். நாலு வயதுக் குழந்தைக்கு இதை ஒருமுறை செய்துகாட்டினால் கற்றுக்கொள்ளும். இங்கே செய்துகாட்டுவது குற்றமில்லை. வேலை நுட்பத்தைக் காட்டலாம். மாட்டைச் செய்து காட்டாதீர்கள்.

மறுநாளைக்கு வைக்க, ஈரத்துணியை வேலையைச் சுற்றித் தளர்வாக வைத்து, மேலே பாலித்தீன் உறை போட்டு டப்பாவில் மூடுங்கள். நனைந்த துணி நேராக மேலே படிந்தால் மூக்கும் காதும் கரையும். முடிந்த வேலையை இரண்டு மூன்று நாள் மூடியபடியே மெல்லக் காயவிட்டால் வெடிப்பு குறையும்.

காய்ந்து உடைந்த மண்ணை எறிய வேண்டாம். முழுக்கக் காயவிட்டு, சிறு துண்டாக உடைத்து, தண்ணீரில் போட்டுக் கிளறாமல் ஒரு நாள் விடுங்கள்; தானாகவே குழையும். பாதி காய்ந்த மண்தான் தண்ணீரில் கரையாமல் அடம்பிடிக்கும். மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, கூழைச் செங்கல் மேல் விரித்த துணியில் பரப்பினால் ஈரத்தைச் செங்கல் குடித்துவிடும், பிறகு பிசையலாம்.

சூளை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெரும்பாலான வேலைகளைப் படம் எடுத்துவிட்டு வாளிக்குத் திருப்பலாம். செய்த குழந்தையைக் கேட்டுவிட்டு, அதன் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது. பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைப்பதுதான் முறை. கை கழுவ மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் மண் போகும், இரண்டாவதில் கறை போகும், மூன்றாவது அலச. முதல் வாளியின் வண்டலைத் தோட்டத்தில் கொட்டுங்கள். சாக்கடைக் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

வண்ணம், வெளிச்சம், பொறுக்கிய பொருள்கள்

வண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு, பன்னிரண்டு போஸ்டர் கலர் புட்டிகளையும் ஒரே நாளில் திறந்துவைப்பது. பத்து நிமிடத்தில் எல்லாத் தாளும் ஒரே பழுப்பாகிவிடும். இரண்டு நிறமும் வெள்ளையும் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். எந்தச் சிவப்பு என்பதும் முக்கியம். வெர்மிலியன் சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் இருப்பதால் நீலத்தோடு சேர்ந்தால் அழுக்குப் பழுப்புதான் வரும். கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரீன் நீலமும் சேர்ந்தால் ஊதா. லெமன் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் தெளிவான பச்சை. வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளையில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் வெள்ளையைச் சேர்க்கத் தொடங்கினால் வெள்ளைப் புட்டியே காலியாகும்.

குழம்பு கெட்டியாக இருக்கட்டும்: தூரிகையைத் தூக்கினால் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் விழக்கூடாது. ஒரு நிறத்துக்கு ஒரு தூரிகை, கவிழாத அகலமான கிண்ணம். ஜெராக்ஸ் தாள் ஈரத்தில் கிழியும்; 120 ஜி.எஸ்.எம்.-க்குக் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) குறையாத தாள் வாங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பழுப்பு உறைத்தாள் நன்றாகத் தாங்கும்.

ஒளிமேசையைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். 60-க்கு 90 செ.மீ. மரப்பெட்டி, உள்ளே வெள்ளைப் பூச்சு, மேலே பால்வெள்ளை அக்ரிலிக் 5 மி.மீ.; மூன்று மி.மீ. என்றால் நடுவில் தொங்கும். எல்.இ.டி. பட்டைக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே 10 முதல் 12 செ.மீ. விடாவிட்டால் வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். 12 வோல்ட் பட்டைதான் போட வேண்டும். அடாப்டர் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இவ்வளவும் இல்லாமலே ஒரு டார்ச்சும் வெள்ளை வேட்டித் திரையும் வைத்து நிழல் வேலை முழுவதும் செய்யலாம். பொருள் விளக்குக்கு அருகே போனால் நிழல் ஏன் பெரிதாகிறது என்பதைக் குழந்தைகள் தாங்களே நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடிப்பார்கள்.

1996-ல் ரெஜ்ஜோவில் ரெமிதா என்ற மையம் தொடங்கியது. தொழிற்சாலைகளின் கழிவுத் துண்டுகளை, விற்க முடியாத பொருள்களைச் சேகரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் இடம் அது. திருப்பூர் பனியன் வெட்டுத்துணி, அச்சகத்து வெட்டுக் காகிதம், தச்சுப் பட்டறைக் கட்டைகள் என்று நமக்கும் இதற்குப் பஞ்சமில்லை. வடிகட்டும் வேலைதான் கவனமாகச் செய்யப்பட வேண்டியது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 4 செ.மீ.க்குக் குறைந்த எதுவும் வேண்டாம். காந்தத் துண்டுகளும் பட்டன் பேட்டரியும் எந்த வயதிலும் கூடாது. விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் துளைக்கும். கம்பியை 30 செ.மீ.க்கு மேல் நீட்டாமல் வெட்டி, இரு முனையையும் சுருட்டிவிட்டுக் கொடுங்கள்.

விதைகளில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை உறுதியாக மாற்ற வேண்டும். பல்லாங்குழிக்கு எடுக்கும் குன்றிமணி கடும் நஞ்சு. ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அரளி விதையும் அப்படித்தான். பெரிய குழந்தைகளுக்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும். குங்குமத்திலும் கலப்பட மஞ்சள் தூளிலும் ஈயச் சேர்மங்கள் கண்டறியப்பட்டிருப்பதால் அவற்றை வண்ணமாகக் குழைக்க வேண்டாம். பசுமஞ்சளை உரசிய சாறு, சங்குப்பூ ஊறிய நீர், காவி மண் ஆகியவை நல்லவை. சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். ஒரு காலைப்பொழுதுக்கு அதுவே போதுமான வேலை.

அந்தப் பெரியவர் என்ன செய்வார்

அதிகம் பேசமாட்டார். “என்னது இது?” என்று கேட்டால் குழந்தை ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தப்பிக்கும், “ரொம்ப அழகு” என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்யும். “நேத்து விழுந்த காலு இன்னைக்கு எப்படிடா நிக்குது?” என்று கேட்டால் தன் வழிமுறையைச் சொல்லத் தொடங்கும். அந்தச் சொற்களை அப்படியே, திருத்தாமல், ஒரு நோட்டில் எழுதி, வேலையின் மூன்று நான்கு கட்டங்களைப் படமெடுத்துச் சுவரில் குழந்தையின் கண்மட்டத்தில் ஒட்டுவது ரெஜ்ஜோ பள்ளிகளில் கற்பித்தலுக்கு இணையான பணி. நாளை என்ன பொருள் கொடுப்பது என்று ஆசிரியரும் அத்தலியரிஸ்டாவும் முடிவெடுப்பது அந்தக் குறிப்பைப் படித்துத்தான்.

பெற்றோருக்கும் அந்தச் சுவர்தான் பதில். “தினமும் மண்ணுலயே விளையாடுறானே, ஏதாவது செஞ்சு கொண்டு வரக்கூடாதா?” என்ற கேள்வி எல்லாப் பள்ளியிலும் வரும். அந்த அழுத்தத்துக்குப் பணிந்துதான் ஆசிரியர்கள் தாங்களே வெட்டிக் கொடுத்து, குழந்தையை ஒட்டச் சொல்லி, அழகான மீன்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாடு விழுந்து எழுந்த நான்கு படங்களைப் பார்த்த அப்பா அம்மா, அந்த மீனைக் கேட்பது குறையும்.

ஒரே அறை, ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்றிருக்கும் அங்கன்வாடியில் தனிக்கூடம் சாத்தியமில்லை. ஆனால் சக்கரம் வைத்த இரண்டு அடுக்கு வண்டி ஒன்றும் மூடியுள்ள மண் வாளி ஒன்றும் மூலையில் நிற்க இடமிருக்கும். உதவியாளர் மற்றவர்களோடு கதையும் பாட்டுமாக இருக்கும் முக்கால் மணி நேரத்தில் ஐந்து பேர் வண்டியைச் சுற்றி உட்காரலாம். நாளைக்கு அடுத்த ஐந்து பேர். அதே ஐவர் வாரத்துக்கு இருமுறை திரும்பி வரும்படி பட்டியல் போட்டால், தொடங்கிய வேலை கைவிட்டுப் போகாது. முதல் மாதம் பேனாவும் தாளும் மண்ணும் மட்டும். இரண்டாம் மாதம் இரண்டு நிறம். கம்பியையும் வெளிச்சத்தையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையில் மிஞ்சும் பணத்துக்கு ஒளிமேசையா, இன்னொரு மூட்டை மண்ணா என்று கேள்வி வந்தால் மண்ணையும் மூடியுள்ள டப்பாக்களையும் வாங்குங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் தாள்களைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பாலித்தீன் சுற்றி, படுக்கையாக அடுக்கிவிடுங்கள். நிற்கவைத்த தாள் ஈரக்காற்றில் வளைந்துவிடும், கறையானும் கீழிருந்துதான் ஏறும்.